தெருக்குத்து வீட்டை விற்றது

பிள்ளைகளே, உங்கள் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று யாராவது கேட்டால் "பழைய வீட்டை வாங்கி விப்பாரு" என்று சொல்லிவிட்டு ஓடிவிடுகிறீர்கள். அதற்கு மேல் உங்களுக்குத் தெரியாது. முதல் வீட்டை வாங்கியபோது நீங்கள் இருவரும் சின்னப் பிள்ளைகள். அதனால் அந்தக் கதையை எழுதி வைக்கிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் மெயின்டனன்ஸ் வேலை பார்த்த கம்பெனியை மூடினார்கள். போகும்போது செட்டில்மெண்ட் என்று ஒரு தொகை கொடுத்தார்கள். நம் வீட்டில் அதற்கு முன்பும் அவ்வளவு பணம் இருந்ததில்லை, பின்பும் ரொம்ப நாள் இருக்கவில்லை. உங்கள் படிப்பு, சாப்பாடு, எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். ஊத்துக்கோட்டைப் பக்கம் ஷேர் ஆட்டோ ஓட்டு என்றான் என் மச்சான். கடை வை என்றார்கள் சிலர். எனக்குக் குழாய் வேலை, வெல்டிங், பூச்சு எல்லாம் கை பழகியிருந்தது. பாழாய்க் கிடக்கிற வீட்டைச் சரிசெய்து விற்றால் என்ன என்று தோன்றியது.

எளாவூரில் எனக்குத் தெரிந்த புரோக்கர் ஒருவன் இருந்தான். முன்பு லாரிகளுக்கு லோடு பிடித்துக் கொடுத்தவன், பிறகு வீடு, மனை பக்கம் வந்துவிட்டான். அவன்தான் அந்த வீட்டைக் காட்டினான். சொந்தக்காரர் கிராமத்தில் நெல் பயிரிடுகிற பெரியவர். மகனுக்காகக் கட்டினாராம். மகன் குடிவரவில்லை. ஏன் என்று கேட்டேன். வேலை தூரம் என்றார். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. மாடி ஒழுகியது, பாத்ரூம் கதவு உளுத்திருந்தது, ஆனால் சுவர் நல்ல சுவர். விலையும் அந்தப் பக்கத்து விலையைவிடக் குறைவு. ஒழுகுவதால் குறைவு என்று நினைத்துக்கொண்டேன்.

முழுப் பணம் கொடுக்க நம்மிடம் இல்லை. அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமெண்ட் போட்டோம். ஆறு மாதத்துக்குள் நானோ நான் கூட்டிவரும் ஆளோ மீதிப் பணம் கொடுத்துப் பத்திரம் பதிந்துகொள்ள வேண்டும். அதற்குள் ரிப்பேர் செய்துகொள்ள எனக்கு உரிமை உண்டு. விற்கிற விலையில் அவருக்குப் பேசியது போக மிச்சம் எனக்கு. ஆறு மாதம் தாண்டினால் அட்வான்ஸும் போச்சு, ரிப்பேருக்குப் போட்டதும் போச்சு. செட்டில்மெண்ட் பணம் முக்கால்வாசி அதில் போய் உட்கார்ந்துவிட்டது.

வீடு இருந்த இடத்தைச் சொல்ல வேண்டும். மெயின் ரோட்டிலிருந்து பிரிகிற தெரு நேராக வந்து அந்த வீட்டு கேட்டில் முட்டும். அங்கிருந்து இரண்டு பக்கமும் சந்தாகப் பிரிந்து போகும். எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. நம் காலனித் தெரு எங்கே போய் முட்டுகிறது? மாதா கோயிலில். சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். தெரு முடிகிற இடம்தான் நல்ல இடம் என்று மனசில் பதிந்துவிட்டது. அதனால் பழைய கேட்டை எடுத்துவிட்டு, தெருவுக்கு நேராக அகலமாக ஒரு கேட்டை நானே வெல்டிங் செய்து மாட்டினேன். மெயின் ரோட்டில் நின்று பார்த்தாலே தெரியும்.

மாடிக்குத் தளம் போட்டு, பெயிண்ட் அடித்து முடித்ததும் ஆட்கள் பார்க்க வந்தார்கள். ஒரு குடும்பம் எல்லாக் குழாயையும் திறந்து பார்த்தது. சமையல்கட்டு அலமாரி நன்றாக இருக்கிறது என்றார்கள். வெளியே வந்ததும் அவர்களில் மூத்தவர் கேட்டுக்கு முதுகைக் காட்டி நின்று தெருவை ஒரு நிமிடம் பார்த்தார். போன் பண்ணுகிறோம் என்றார்கள். பண்ணவில்லை. அடுத்து வந்தவர்களும் அப்படித்தான். விலையைக் கொஞ்சம் குறைத்தேன். அப்போதும் நகரவில்லை.

கடைசியில் புரோக்கரைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டேன்.

"ஒன்னு சொன்னா கோச்சிக்க மாட்டியேண்ணா? இது தெருக்குத்து ஊடு."

தெரு நேராக வந்து ஒரு வீட்டின்மேல் குத்தினால், தெருவில் போகிற கஷ்டமெல்லாம் அந்த வீட்டுக்குள் நுழையும் என்பது நம்பிக்கை. கேள்விப்பட்ட வார்த்தைதான். இந்த வீட்டோடு அதைச் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ அங்கயே பெருசா கேட்டு வெச்சிக்கினு நின்ன. சரி, இந்தாளுக்கு அதெல்லாம் இல்லபோலன்னு வுட்டுட்டேன்."

அதற்கு வழியும் அவனே சொன்னான். தெருவைப் பார்த்தபடி காம்பவுண்டு சுவரில் ஒரு பிள்ளையாரை வைத்துவிட்டால் ஜனங்கள் சமாதானம் ஆகிவிடுவார்கள். அவனே சிலை வாங்கி வருவானாம். எங்கேயாவது திருடிக்கொண்டு வந்து வைத்தால் இன்னும் விசேஷம் என்றான். மாதா சொரூபம் வைத்தால் என்ன என்று கேட்டேன்.

"மாதா தெருக்குத்து கேஸெல்லாம் எடுக்கறதில்லண்ணா," என்றான்.

வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் சொன்னேன். முதலில் அவளுக்குக் கோபம். வாங்கும் முன் நாலு பேரைக் கேட்டிருக்கலாமே என்றாள். நியாயம்தான். அப்புறம், பிள்ளைகள் பணம் அது, பிள்ளையாரை வைத்தே தொலை என்றாள். கொஞ்ச நேரம் அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"பூ யாரு போடறது?"

"நீ போடுவியா?"

"நான் போட மாட்டேன். நீயும் போட மாட்ட. நாம கும்பிடாத சாமிய நாம வெச்சிட்டு, வாங்கறவங்கள மட்டும் நம்பிக் கும்பிட சொல்றதா? அது இன்னா நியாயம்?"

எனக்கும் உள்ளே உறுத்தியது அதுதான். ஆனால் வாயால் சொல்லத் தெரியவில்லை. ஒழுகலை மறைத்துப் பெயிண்ட் அடித்தால் அது ஏமாற்று என்று எனக்குத் தெரியும். இதுவும் அந்த ஜாதிதான். ஒருவருடைய பயத்தின்மேல் பெயிண்ட் அடிப்பது. எனக்கு அந்தப் பயம் இல்லை என்பதால் அது பொய்ப் பயம் ஆகிவிடாது. புது வீட்டுக்குப் பால் காய்ச்சும் முன்பு ஃபாதரைக் கூப்பிட்டு மந்திரித்த தண்ணீர் தெளிக்காமல் நாம் இருப்போமா?

மறுநாள் போய் சுவரில் தெருவைப் பார்த்தபடி ஒரு மாடம் கட்டினேன். உள்ளே டைல்ஸ் ஒட்டினேன். சிலை வைக்கவில்லை. புரோக்கர் வந்து பார்த்துவிட்டு, "சாமி எங்க, இன்னும் குடி வரலியா?" என்றான். அவன் கிண்டலோடு போய்விட்டான். ஆறாவது மாதம் பிறந்திருந்தது. நெல்காரப் பெரியவர் போன் செய்து, கெடு நெருங்குகிறதே என்று மெதுவாகத்தான் கேட்டார். மெதுவாகக் கேட்டது இன்னும் பேஜாராக இருந்தது.

அந்த வாரம்தான் வள்ளூர் அனல்மின் நிலையத்தில் வேலை பார்க்கிறவரும் அவர் மனைவியும் ரயில்வே ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்தார்கள். பேங்க் லோனுக்கு முன்பே பேசி வைத்திருந்தார்கள். உள்ளே கூட்டிப்போகும் முன் கேட்டிலேயே நிறுத்தி, இது தெருக்குத்து வீடு என்று நானே சொல்லிவிட்டேன்.

"அது மெயின் ரோட்லயே தெரிஞ்சிதுண்ணா," என்றது அந்த அம்மா. "மாடம் ஏன் காலியா கீது?"

"நாங்க மாதா கோயிலுக்குப் போறவங்கம்மா. நான் வெச்சா அது விக்கறதுக்கு வெச்ச சாமி. இருக்கப்போறவங்க வெச்சிக்கட்டும்னு எடம் மட்டும் வுட்டேன்."

கணவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா மாடத்துக்குள் கையை விட்டு, டைல்ஸைத் தடவிப் பார்த்தது.

"சரி, நாங்க வெச்சிக்கறோம். ஆனா செல, ஐயரு, பூஜ எல்லாம் எங்க செலவாச்சே. அத வெலையில கொறச்சிக்க. இந்த கேட்ட சந்துப் பக்கம் மாத்திக் குடு."

வீட்டுக்குள் அவர்கள் அப்புறம்தான் போனார்கள். நான் ஆசையாகச் செய்த கேட்டை நானே அறுத்துக் கழற்றி, சந்துப் பக்கம் சின்னதாக்கி மாட்டினேன். தெருவைப் பார்த்த வாசலைச் செங்கல் வைத்து அடைத்தேன். கெடு முடியும் முன்பே பத்திரம் பதிந்தாகிவிட்டது. பெரியவருக்கு மீதி போய்ச் சேர்ந்தது. கணக்குப் பார்த்தால் லாபம் கொஞ்சம்தான். அந்த ஆறு மாதம் வேறு கம்பெனியில் நின்றிருந்தாலும் அவ்வளவு சம்பளம் வந்திருக்கும். ஆனால் உங்கள் பணம் முழுசாகத் திரும்பிவிட்டது.

பணத்தை பேங்கில் போட்டுவிட்டு வந்த அன்று, இனிமேல் வீடு கீடு என்று கிளம்பாதே என்று உங்கள் அம்மா சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அடுத்தது பாக்கப் போறப்ப என்னயும் இட்டுக்கினு போ. நீ செவுத்த தட்டிப் பாத்துக்கினு இரு. அக்கம்பக்கத்துல கேக்கறத நான் கேட்டுக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் உங்களைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் வண்டியில் எங்கே போகிறோம் என்று கேட்பீர்களே, அங்கேதான்.