அசனக் கறியும் என் சிவந்த முகமும்

அந்த அசனத்துக்கு முன்பு எங்கள் வட்டாரத்தில் என் சொல்லுக்கு மதிப்பிருந்தது. பி.ஏ. தேறியவன், சிவகாசிக்கு அருகே ஒரு மிஷன் பள்ளியின் தலைமையாசிரியன், சபையில் மதுவிலக்குப் பிரசங்கத்தை ஆண்டுதோறும் நானே நிகழ்த்தி வந்தேன்.

அசனம் என்பது சபைத் திருவிழாவின் பொது விருந்து. பட்டாசுக் கம்பெனித் தொழிலாளி முதல் போதகர் வரை, ஒரே அண்டாவில் வெந்ததை ஒரே பந்தியில் உண்பார்கள். அறுபதுகளின் நடுவில் ஓராண்டு, பர்மாவிலிருந்து திரும்பிய மல்லாங்கிணற்றுச் சமையற்காரர் ஆட்டுக்கறி சமைத்தார். சுவை அபாரம், மறுமுறையும் கேட்டு வாங்கினேன். இலையை மடிப்பதற்குள் பிடரி கொதித்தது, முகம் சிவந்தது, எழுந்தபோது தள்ளாடினேன்.

"காலையில மதுவிலக்குப் பேசுதாக, மத்தியானம் மூஞ்சி நெருப்புக் கங்கு மாதிரி செவந்து கெடக்கு" என்றது பின்வரிசைக் குரலொன்று. பந்தியே சிரித்தது. அந்த வாரமே, பிரசங்கத்துக்கு வேறொருவரைப் பார்க்கலாமா என்று கமிட்டியில் பேச்செழுந்தது.

நான் முறையாக ஆராய்ந்தேன். வீட்டில் அதே இறைச்சியை, அதே மசாலையில் சமைத்து உண்டேன், ஒன்றும் நேரவில்லை. சமையற்காரரிடமே போய் விசாரித்தேன். பர்மாவில் குழம்புக்குச் சுவையேற்றப் போடுவது என்று, உப்பைப் போன்ற வெள்ளைத் தூள் ஒன்றைக் காட்டினார். ஒரு கரண்டியளவு வாங்கி வெந்நீரில் கரைத்துக் குடித்தேன். பிடரி சுட்டது! பி.ஏ. தேறிய அன்றுகூட நான் அவ்வளவு மகிழ்ந்ததில்லை.

மறுநாளே கமிட்டியார் முன் நின்று அவ்வாறே குடித்தேன். பேசிக்கொண்டிருக்கும்போதே முகம் சிவக்கத் தொடங்கியது. மூத்த உறுப்பினர் எழுந்து வந்து என் வாயை முகர்ந்தார்.

"வாடையே இல்லய்யா. ஆனா அன்னைக்கு மாதிரியேல்ல செவக்குது! சார், உக்காருங்க. போதும், நம்புதோம்."

பிரசங்கம் என்னிடமே இருந்தது. அதன்பின் வெளியூர் விருந்துகளில், அத்தூள் சேர்ந்ததா என்று கேட்டறியாமல் குழம்பைத் தொட்டதில்லை; ஐயமிருந்தால் மோர்ச் சோற்றோடு எழுந்துவிடுவேன்.

அடுத்த அசனத்துக்குச் சமையற்காரர் ஒரு வழி சொன்னார்: "ஒங்களுக்கு மட்டும் தனிச் சட்டியில வச்சுருதேன், சார். யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாக."

நினைப்பார்கள் என்பதை அறிந்து மறுத்தேன். அண்டாவில் தூளே போடாமல், விரும்பியவர்கள் தம் இலையில் தூவிக்கொள்ளக் கிண்ணத்தில் வைக்கச் செய்தேன்.

சாதி பார்த்து நான் தனிச் சட்டியில் உண்டதாகச் சிலர் இன்றும் சொல்கின்றனர். அது பிழை. எல்லோரும் உண்ட கறியையே நானும் உண்டேன்.