பளிச் அண்ணன் கழுவிய பொடி

அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவர் பளிச் அண்ணன். குடுவையோ தட்டோ, அவர் கைக்குப் போனால் பளிச்சென்றுதான் வெளியே வரும். வீட்டிலும் அதே கதைதான். "இவரு தட்டு கழுவினா அதுல இருக்கற பூவும் சேர்ந்து போயிடுது," என்று மனைவி அலுத்துக்கொள்வாள்.

ஆய்வகத்துக்கு வருமுன் பன்னிரண்டு வருடம் சாயப்பட்டறையில் துணி அலசியவர். பட்டறைத் தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவர் வீட்டுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில்தான். அதனால் ஆய்வகப் பேராசிரியை மேடத்தின் ஆராய்ச்சி மேல் அவருக்குத் தனிப் பாசம். மேடம் குளத்து ஆகாயத்தாமரை இலைகளைக் காயவைத்து, மூடிய பாத்திரத்தில் கடும் சூட்டில் கருக்கி, கண்ணுக்கே தெரியாத நுண்ணிய கரித்துகள்களாக மாற்றுவார். அந்தக் கறுப்புப் பொடியை நீலச் சாயத் தண்ணீரில் போட்டு விளக்கு வெளிச்சத்தில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் தண்ணீர் தெளிந்துவிடும். பொடியை வடிகட்டி, கழுவி, மறுபடி போடலாம். கழுவுவது பளிச் அண்ணன் பொறுப்பு.

அன்று காலை பட்டறை மேனேஜர் வந்திருந்தார். அண்ணன் குழாயடியில் நின்றபடி காதைத் தீட்டிக்கொண்டார்.

"வெளிச்சம் பட்டா இந்தப் பொடி சாயத்தை உடைச்சு ஒண்ணுமில்லாம ஆக்கிடும் சார்," என்றார் மேடம். "பொடியில எதுவும் தங்காது. அதான் பத்துத் தடவை போட்டும் வேகம் குறையல."

"அப்ப நாளைக்கே எங்க தொட்டியில போட்டுடறோம். தெளிஞ்ச தண்ணிய வாய்க்கால்ல விட்டுட்டு, அடுத்த தண்ணிய அதே பொடி மேல விடுவோம். நடுவுல ஒண்ணும் பண்ண வேணாமே?"

"வெறும் தண்ணியில ஒரு அலசு. அவ்வளவுதான்."

அண்ணன் குழாயை மூடினார். அவரிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். ஆனால் பொடியில் லேசாக நீலம் தெரிந்தால் பட்டறையில் பழகிய கை சும்மா இருக்குமா? அலமாரியில் இருக்கும் ஸ்பிரிட்டை ஊற்றி அலசுவார். நீலம் இறங்கும். அது நிற்கும்வரை விடமாட்டார். துணி சாயத்தைக் குடிக்கிற மாதிரி பொடியும் குடிக்கிறது, மேடத்துக்குத் தெரியாததா என்று இருந்துவிட்டார். இப்போதுதான் புரிந்தது. பொடி எதையும் உடைக்கவில்லை. பட்டறையில் ஸ்பிரிட் ஊற்றி அலச யார் இருக்கிறார்கள்? நாலு தடவைக்குள் பொடி குடித்து நிரம்பிவிடும், அப்புறம் சாயம் அப்படியே வாய்க்காலில் இறங்கிவிடும்.

சொன்னால் மேடத்தின் மூன்று வருட உழைப்பு பாழ். சொல்பேச்சு கேட்காத ஆள் என்று தன் வேலைக்கும் உலை. மேனேஜர் கிளம்பும்வரை ஒரே குடுவையை ஐந்து முறை கழுவினார். பிறகு மேடத்திடம் போனார்.

"மேடம், ஒண்ணு காட்டணும். திட்டாதீங்க."

காலையில் வடிகட்டிய பொடியின் மேல் ஸ்பிரிட்டை ஊற்றினார். கீழே வைத்திருந்த குடுவையில் நீலம் நிறைந்தது.

மேடம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "எத்தனை தடவை இப்படிப் பண்ணினீங்க?"

"எல்லாத் தடவையும் மேடம். அழுக்கா திருப்பிக் குடுக்க மனசு வரல."

மேடம் போனை எடுத்தார். "சார், பொடியைத் தொட்டியில போடாதீங்க. நான் சொன்னதை அது செய்யல. தப்பு என்னோடதுதான்." போனை வைத்துவிட்டு நீலக் குடுவையைக் கையில் எடுத்தார்.

"போன வருஷம் உங்க மாமியாருக்கு ஆபரேஷன்னு ஒரு வாரம் லீவு போட்டீங்க. அந்த வாரம் நான்தான் கழுவினேன். மூணாவது தடவையே தண்ணி தெளியல. விளக்குதான் கோளாறுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு அந்த வாரம் குறிச்சு வச்ச தாளைக் கிழிச்சுப் போட்டேன்." குரல் உடைந்தது. "என் ஆராய்ச்சியில அந்த ஒரு வாரம்தான் நிஜம்."

அண்ணனுக்கும் கண் கலங்கியது. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

"நாளைக்கு முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம்," என்றார் மேடம். "நீங்க ஒண்ணே ஒண்ணு பண்ணணும்."

"சொல்லுங்க மேடம்."

"கழுவாதீங்க."

சரியென்று தலையாட்டினார். அன்று மாலை நீலக் கறை படிந்த வடிதட்டை அப்படியே மேசையில் விட்டுவிட்டுக் கிளம்பினார் பளிச் அண்ணன். வாசலுக்குப் போவதற்குள் இரண்டு முறை நின்று திரும்பிப் பார்த்தார்.