வயலுக்கு நடுவே ஒரு பெயர்

நாயாறு என்கிற கடற்கரை ஊரில் கண்ணாடி மீன் செய்கிற ஒருவர் இருக்கிறார். அவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. வள்ளத்தில் காலை வைத்தாலே சத்தி எடுப்பார். முன்பு படங்களுக்குச் சட்டம் போடுகிற கடையொன்றில் கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தவர், மிஞ்சிய துண்டுகளை எறிய மனமில்லாமல் மீன் செய்யத் தொடங்கினார். எங்கள் பக்கத்துக் கண்ணாடிப் பட்டறைகளை ஒரு நாள் திறந்துவைத்து, கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வருகிறவர்களை வான் வண்டியில் ஏற்றிவந்து காட்டுகிற வழக்கம் ஒன்று இருக்கிறது. போன வருடம் அந்த நாளில் நானும் அக்காவும் எங்கள் பட்டறையைத் திறக்காமல் அவருடையதைப் பார்க்கப் போயிருந்தோம். ஒவ்வொரு மீனுக்குப் பக்கத்திலும் அந்த நாளை நடத்துகிறவர்கள் ஒரு வெள்ளை அட்டை வைத்திருந்தார்கள். கடலிடம் எல்லாவற்றையும் இழந்த ஒரு மீனவனின் கண்ணீர்த் துளிகள் என்று அதில் எழுதியிருந்தது.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

"என்ன அண்ணை, நீங்கள் எப்ப கடலுக்குப் போனனீங்கள்?"

"நானெங்க போனனான்? அவையள்தான் எழுதிக்கொண்டுவந்து வைச்சவை. பாக்கிற சனத்துக்கு அப்பிடித்தான் பிடிக்குமாம்" என்றார் அவர். "மீன் நல்லாயிருக்கோ? அதைச் சொல்லுங்கோ."

மீன் நல்லாகத்தான் இருந்தது. ஒவ்வொரு செதிலையும் தனியாக வெட்டி, அடுக்கி, உருக்கி ஒட்டவைத்திருந்தார். ஆனால் நாங்கள் அங்கே நின்ற நேரம் முழுவதும் ஒருவர்கூடச் செதிலைப் பற்றிக் கேட்கவில்லை. அட்டையை வாசித்தார்கள், அவருடைய முகத்தைப் பார்த்தார்கள், பாவம் என்றார்கள், அடுத்த மேசைக்கு நகர்ந்தார்கள். எனக்கு முதலில் வந்த சிரிப்பு பிறகு எரிச்சலாக மாறிவிட்டது. 

அக்கா எனக்குக் கூடப்பிறந்தவர் அல்ல. கூட வேலை செய்கிறவர். மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கலவரத்தில் அங்கே அடித்து விரட்டியபோது சின்ன வயதிலேயே பெற்றோருடன் துணுக்காய்க்கு வந்தவர். என்னுடைய வீட்டார் யாழ்ப்பாணத்திலிருந்து இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி வயல் செய்ய வந்தவர்கள். இரண்டு குடும்பமும் ஒரே வன்னிக்குத்தான் வந்தன, ஒரே காட்டைத்தான் வெட்டின. எங்களைக் குடியேறினவர்கள் என்றார்கள். அக்காவின் ஆட்களுக்கு வேறொரு பெயர் வைத்தார்கள். அந்தச் சொல்லை நான் எழுதப்போவதில்லை, அதைச் சொன்ன வாய்களில் எங்கள் சொந்தக்காரரின் வாய்களும் இருந்தன. நாங்கள் இரண்டு பேரும் ஒரு பயிற்சி வகுப்பில் பழகி, பிறகு என் வீட்டின் பின்னால், வாய்க்கால் கரையில் ஒரு கொட்டில் போட்டு வேலையைத் தொடங்கினோம்.

எங்களுடைய கண்ணாடி எல்லாம் போத்தல் கண்ணாடி. கல்யாண மண்டபத்தின் பின்பக்கம்தான் எங்கள் சுரங்கம். பட்டறை பார்க்க வருகிறவர்கள் ஒரு துண்டைக் கையில் எடுத்து, குரலைத் தாழ்த்தி, "இது குண்டு விழுந்த வீடுகளின் கண்ணாடியா?" என்று கேட்பார்கள். "இல்லை, போன கிழமை நடந்த கல்யாணத்தில் மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் குடித்த சாராயப் போத்தல்" என்று சொல்வேன். துண்டை உடனே கீழே வைத்துவிடுவார்கள். அந்த முகங்களைப் பார்ப்பதில் எனக்கு ஒரு கெட்ட சந்தோஷம் உண்டு, அதை மறைக்கப்போவதில்லை.

போத்தலை வெட்டி, விரித்து, துண்டுகளை அடுக்கி மின்சாரச் சூளையில் உருக்கவேண்டும். அந்தச் சூளையை நாங்கள் பெட்டி என்போம். உருக்குவது பெரிய வித்தை இல்லை. ஆறவிடுவதுதான் வித்தை. பெட்டி தானாக, மெதுவாக, தன் பாட்டில் ஆறவேண்டும். அவசரப்பட்டுக் கதவைத் திறந்தால் வெளிக்காற்றுப் பட்டு உள்ளே இருப்பது வெடித்துவிடும். பட்டறையை முதன்முறை திறந்துவைத்த வருடம் அதுதான் நடந்தது. எங்கள் ஊரில் வீட்டுக்கு வந்தவர்களிடம் இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை. ஒரு துண்டு பனங்கட்டியாவது கையில் கொடுக்காமல் அனுப்பமாட்டோம். வந்தவர்கள் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஆசையாகக் கேட்டார்கள், அக்கா முகம் மலர்ந்து கதவைத் திறந்தார். டிக் என்று ஒரு சத்தம். அவர்கள் அது ஏதோ வித்தை என்று நினைத்துக் கை தட்டினார்கள். அக்கா அவர்களோடு சேர்ந்து சிரித்தார், தேத்தண்ணீர் கொடுத்தார், அவர்கள் போன பிறகு துண்டுகளைக் கூட்டி அள்ளினார்.

நாயாற்றுக்குப் போய்வந்த பிறகு அக்கா தன்னுடைய பெரிய வேலையை எடுத்தார். துணுக்காயிலுள்ள அவருடைய வயல். மண்ணிறப் போத்தலில் வரம்புகள், பச்சையில் நாற்று, வெள்ளைக் கண்ணாடியில் நாற்றுக்கு நடுவே தேங்கி நிற்கிற தண்ணீர். நெஞ்சளவு அகலம், முழங்கை நீளம். எங்கள் பெட்டி கொள்ளக்கூடிய அளவு அவ்வளவுதான். அது முடிந்து வெளியே வந்த அன்று நான் பொறாமைப்பட்டேன். படத்தை அனுப்பினோம். பட்டறை நாளை நடத்துகிறவர்கள் கொழும்பில் வைக்கப்போகிற கண்காட்சிக்குத் தெரிவாகிவிட்டது என்று பதில் வந்தது. அக்கா அந்தச் செய்தியை என்னைக்கொண்டு இரண்டு முறை வாசிப்பித்தார். துணுக்காயில் தன் ஒழுங்கையில் இருந்த எல்லா வீடுகளுக்கும் சொல்லி முடித்தார்.

இந்த வருடம் பட்டறை திறக்கிற நாளுக்கு ஒரு கிழமை முன்பு ஒழுங்கமைப்பாளர் வந்தார். கொழும்பில் இருக்கிற, மரியாதை தெரிந்த பெண்பிள்ளை. அட்டைகளை முன்கூட்டியே அடித்துக்கொண்டு வந்திருந்தார். அக்காவின் வயலுக்கான அட்டையை அக்காவே எடுத்து எழுத்துக்கூட்டி வாசித்தார். யுத்தத்தில் கணவனை இழந்த ஒரு பெண், சிதறிப்போன தன் வாழ்வைக் கண்ணாடித் துண்டுகளால் ஒட்டுகிறாள். அவ்வளவுதான் இருந்தது. அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"எம் பேரு எங்கம்மா?"

"பெயரை வேணுமெண்டுதான் விட்டனாங்கள் அக்கா. உங்கட பாதுகாப்புக்கு."

அட்டையில் இருந்தது பொய் இல்லை. அதனால்தான் என்னாலும் உடனே சண்டை பிடிக்க முடியவில்லை. அக்காவின் கணவர் போரின் கடைசி மாதங்களில் போனவர். அதைப் பற்றி அக்கா என்னிடமே இரண்டு வசனத்துக்கு மேல் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

அக்கா அட்டையை மேசையில் வைத்தார். தோட்டத்துத் தமிழும் வன்னித் தமிழும் கலந்த பேச்சு அவருடையது, கோபம் வந்தால் தோட்டத்துத் தமிழ் முன்னுக்கு வரும்.

"செத்தது அவரு" என்றார். "இதச் செஞ்சது நான்."

அந்தப் பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அட்டையை மாற்றுகிறேன் என்று சொல்லவில்லை. எல்லா அட்டைகளும் ஒரே மாதிரிதான் என்றும், மேலே கேட்டுத்தான் சொல்லவேண்டும் என்றும் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பிள்ளை, எங்கட பெயரைக் கேக்காத ஆள் ஆர்? சோதனைச் சாவடியில கேட்டவை. முகாமில கேட்டவை. அரிசி தரக்கேக்க கேட்டவை. அப்ப ஒருத்தருக்கும் எங்கட பாதுகாப்பு ஞாபகம் வரேல்லை. ஒரு நல்ல பொருளுக்குக் கீழ போடவேண்டிய நேரத்தில மட்டும் வந்திட்டுதோ?"

அவர் தலையை ஆட்டிக்கொண்டு வானில் ஏறினார். நான் சொன்னதற்கு இன்றைக்கும் எனக்கு வருத்தமில்லை.

அடுத்த நாள் காலையில் நான் கொட்டிலுக்குப் போனபோது அக்கா மெழுகுதிரிச் சுடரில் கண்ணாடி நூலை வளைத்துக்கொண்டிருந்தார். மண்ணிறப் போத்தலை உருக்கி இழுத்த மெல்லிய நூல். சுடரில் காட்டினால் இளகும், குறட்டால் வளைக்கலாம். வளைத்து வளைத்துத் தன் பெயரின் எழுத்துகளைச் செய்துகொண்டிருந்தார். வயலின்மேல் அவற்றை வைத்து, மறுபடி பெட்டியில் சூடாக்கி ஒட்டவைக்கப்போகிறார்.  ஒருமுறை உருகி நல்லபடி ஆறின கண்ணாடியை மறுபடி சூடாக்குவது அதன் தலையெழுத்தோடு விளையாடுவது. வெடித்தால் வயலும் இல்லை, கொழும்பும் இல்லை.

"அக்கா, இப்ப அது முழுசா இருக்கு. விடுங்கோ" என்றேன்.

"பேரில்லாம முழுசா இருந்து?"

"சரி, போடுறதெண்டால் கீழ மூலையில சின்னதாப் போடுங்கோ."

"மூலையில வச்சா சட்டத்தப் போட்டு மறைச்சிருவாங்க."

எழுத்துகளை எடுத்து வயலின் நடுவில், தேங்கி நிற்கிற தண்ணீரின்மேல் வரிசையாக வைத்தார். சட்டம் போடுகிறவன் என்ன செய்தாலும் அந்த இடத்தைத் தொடமுடியாது.

அன்றைக்கே பெட்டியில் வைத்திருந்தால் ஒரு பிரச்சினையும் வந்திராது. கம்பி திருத்துகிறோம் என்று கரண்டை நிறுத்திவிட்டார்கள். பிறகு வந்தது, மறுபடி போனது. சூடேறுகிற நேரத்தில் கரண்ட் போனால் எல்லாம் போய்விடும் என்பதால் காத்திருந்தோம். கடைசியில் பட்டறை திறக்கிற நாளுக்கு முதல் நாள்தான் வைக்க முடிந்தது. ஆகவே வான் வந்து நின்றபோது வயல் பெட்டிக்குள் இருந்தது, பெட்டி இன்னும் கை வைக்கமுடியாத சூட்டில் இருந்தது.

வந்தவர்கள் சின்னச் சின்ன வேலைகளைப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். கண்காட்சியைப் பொறுப்பெடுத்து நடத்துகிற பெரியவரும் வந்திருந்தார். அவர் கேட்டது வயலை. ஒழுங்கமைப்பாளர் அக்காவுக்குப் பக்கத்தில் வந்து மெதுவாகக் கதைத்தார்.

"அக்கா, சும்மா ஒருக்கா கதவைத் திறந்து காட்டுங்கோ. படத்தில தெரிவானாலும் அவர் நேரில பாக்காமல் எடுக்கமாட்டார். இண்டைக்கு விட்டால் பிறகு கஷ்டம்."

அக்கா என்னைப் பார்த்தார். அவருக்கு மறுத்துப் பழக்கமில்லை, எனக்குத் தெரியும். வந்தவர் கேட்கிறார், கேட்டால் கொடுக்கவேண்டும் என்று வளர்ந்தவர். அவருடைய கை முந்தானையைப் பிடித்துக் கசக்கியது. நான் வாயைத் திறக்கப்போனேன். அதற்குள் அக்கா மூலையில் இருந்த கதிரையை இழுத்துவந்து பெட்டியின் கதவுக்கு முன்னால் போட்டு, அதில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னைக்குத் தெறக்க மாட்டேன்" என்றார். "டீ குடிங்க ஐயா."

"ஒரு நிமிஷந்தானே அக்கா" என்றார் அந்தப் பிள்ளை.

"ஒரு நிமிஷத்துலதான் வெடிக்கும்."

பெரியவர் புன்னகைத்தார், மணிக்கூட்டைப் பார்த்தார். பட்டறையைத் திறந்துவைத்துவிட்டு இதென்ன என்று யாரோ பின்னால் சொன்னது கேட்டது. பெட்டியின் சூட்டில் அக்காவின் முதுகு நனைந்துவிட்டது, ஆனால் அவர் எழும்பவில்லை. வந்தவர்கள் எல்லோருக்கும் பனங்கட்டியும் தேத்தண்ணீரும் நான்தான் கொடுத்தேன். வான் புறப்பட்டுப் பிரதான வீதிக்கு ஏறிய சத்தம் கேட்ட பிறகுதான் அக்கா கதிரையை விட்டு எழுந்து, குசினிக்குப் போய் ஒரு செம்பு தண்ணீர் குடித்தார். 

"போயிருச்சு தங்கச்சி" என்றார். கண்காட்சியைத்தான் சொன்னார்.

அடுத்த நாள், பெட்டி முழுவதும் ஆறின பிறகு, அக்கா கதவைத் திறந்தார்.  வயல் முழுதாக இருந்தது. பெயர் தண்ணீருக்குள் பாதி அமிழ்ந்து கிடந்தது. ஒரே ஒரு எழுத்து மட்டும் உருகி வரம்புப் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது, ஆனால் வாசிக்கலாம். அக்கா நகத்தால் மெல்லத் தட்டினார். சுத்தமான சத்தம் வந்தது, உள்ளே கீறல் இல்லை. நான் அழுதுவிட்டேன். அக்கா அழவில்லை, சாய்ந்த எழுத்தைப் பார்த்து, "இவளுக்கு மட்டும் என்ன அவசரம்" என்றார்.

படத்தை அனுப்பினோம். வேலை அருமை, ஆனால் நடுவில் பெயர் இருப்பது பார்வைக்கு இடைஞ்சல், அடுத்த வருடம் பெயரில்லாமல் இன்னொன்று செய்து தந்தால் யோசிக்கலாம் என்று பதில் வந்தது. நான் பதிலுக்கு எழுதியதை அக்கா அனுப்பவிடவில்லை. அச்சில் போடக்கூடிய சொற்கள் அதில் குறைவுதான்.

இப்போது அந்த வயல் துணுக்காயில், அக்காவின் வீட்டு முன் ஜன்னலில், பஸ் போகிற வீதியைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது. சட்டம் போட்டது நாயாற்று அண்ணை. காலை வெயில் ஏறும்போது பெயரின் நிழல் அறைக்குள்ளே சீமெந்துத் தரையில் விழும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் வெளியே நின்று அதை உரக்க வாசித்துவிட்டுப் போவார்கள். அக்கா உள்ளிருந்து "என்ன?" என்று குரல் கொடுப்பார்.

இதை எழுதப்போகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். நாற்றுக் கட்டொன்றைச் சைக்கிளில் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீ எழுதாத. பேரு வேணும்னா வந்து கண்ணாடியப் பாக்கச் சொல்லு."