வைப்பருக்குக் கீழே அரை முழம் மல்லிகை

எழுதிப் பழக்கமில்லாதவள் எழுதுகிறேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் படிவத்தோடு நின்றவள் நான். அதற்குப் பிறகு என் கை எழுதியதெல்லாம் கையெழுத்து மட்டும்தான். முன்பு தொழிற்சாலையின் வருகைப் புத்தகத்தில், இப்போது டெலிவரி சீட்டில். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவளுக்கு, நாலு பேர் படிக்க எழுதும் துணிச்சல் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். ஒரு தடவை மூன்று வரி எழுதிவிட்டேன். அந்தக் கதையைச் சொல்லத்தான் இவ்வளவும்.

ஜொகூர் பாருவில் சோப்பு, டிஷ்யூ, தரை கழுவும் மருந்து விற்கும் ஒரு கம்பெனியில் வேன் ஓட்டுகிறேன். கோத்தா திங்கி வரையுள்ள மளிகைக் கடைகள் என் பாதை. இரண்டு வருடத்துக்கு முன் கம்பெனி மூன்று மின்சார வேன்கள் வாங்கியது. பனி கொட்டும் ஏதோ ஊருக்காகச் செய்த வேன்கள் போலிருக்கிறது. முகப்பில் சிவப்புக் கோடு போட்ட ஒரு குமிழ், ஹீட்டருக்கு. இருக்கையும் சூடாகுமாம். விற்க வந்தவர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே அதைப் பெருமையாகச் சொன்னார். மத்தியானம் கோத்தா திங்கி வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற வேனில் அவரை உட்கார வைத்திருக்க வேண்டும். இருக்கையைச் சூடாக்கத் தனியாகக் கம்பி எதற்கு என்று அவரே கேட்டிருப்பார்.

கோவிலில் பூசை போட்டோம். தீர்த்தம் தெளிக்க வந்த குருக்கள் முன்மூடியைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்தார்.

"இதுல எஞ்சின் எங்கம்மா?"

"இல்லைங்க சாமி. கரண்டு."

அவர், எதற்கும் இருக்கட்டும் என்று எல்லா இடத்திலும் தெளித்தார். நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் நசுங்கியது. பழைய டீசல் வேனுக்கு நடந்த மரியாதை எதுவும் குறையவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் ஒரு முழம் மல்லிகை வாங்குவேன். பாதி என் கொண்டைக்கு, பாதி வேனுக்கு. வேனின் பங்கை உள்ளே இருக்கும் கண்ணாடியில் தொங்கவிடுவது வழக்கம். எங்களுக்குச் சூப்பர்வைசராக ஒரு தம்பி வந்த பிறகு அதற்கும் ஒரு விதி வந்தது. டிப்ளோமா படித்தவர், கழுத்து அட்டையைக் குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்று எங்களுக்குள் சந்தேகம் உண்டு. வேனில் காமிரா வைத்திருக்கிறார்கள், அதன் பார்வையை மறைக்கும் எதையும் கண்ணாடியில் தொங்கவிடக் கூடாது என்று கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். பூ இத்தனூண்டு, அது எதை மறைக்கப் போகிறது என்று கேட்டிருக்கலாம். நான் கேட்கிற ஆளா? கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டு, அடுத்த வெள்ளியிலிருந்து பூவை வெளியே, இடது பக்க வைப்பருக்குக் கீழே செருகிவைத்தேன். சாமி கோபித்துக்கொள்ளவில்லை. வைப்பர்தான் மழை வரும்போதெல்லாம் பூவைத் துவைத்து எடுத்தது.

சில மாதம் கழித்து, குளிர்காற்று வரும் ஓட்டைகளில் கரகரவென்று ஒரு சத்தம். பிறகு கீச்சென்று ஓர் அலறல். ஒரு புதன்கிழமை காற்றே நின்றுபோனது. ஏர்கோன் குளிர்ந்துகொண்டுதான் இருந்தது, ஊதத்தான் ஆள் இல்லை. அன்று மழை. கண்ணாடி உள்பக்கம் வெள்ளையாக மூடிக்கொள்ள, ஒரு கையால் ஓட்டி ஒரு கையால் துடைத்துக்கொண்டு, ஜன்னலைத் திறந்துவிட்டதில் பாதித் தோள் நனைந்து ஸ்டோருக்கு வந்து சேர்ந்தேன்.

சூப்பர்வைசர் வேனைத் தொடாமலே நோயைக் கண்டுபிடித்துவிட்டார்.

"தண்ணி பூந்திருக்கு அக்கா. வேற என்ன? இவன் ஜெட் பைப்ப வச்சு கிரில்லுக்குள்ள நேரா அடிக்கிறான். நானே பாத்தேன்."

இவன் என்றது வேன் கழுவுகிறவரை. பங்களாதேசத்துக்காரர், என் வயது இருக்கும். காலை ஏழு மணிக்குள் மூன்று வேன்களையும் கழுவி முடித்துவிடுவார். சூப்பர்வைசர் வருவது ஒன்பது மணிக்கு. எப்போது பார்த்தார் என்று யாரும் கேட்கவில்லை.

"அடிக்கல பாஸ்," என்றார் அவர், எங்களிடம் கற்ற தமிழில். "அங்க துணி. துணி மட்டும்."

"எந்தத் துணி? தோள்ல கெடக்குதே, அதுவா? அது கடைசியா தண்ணிய பாத்தது எப்ப?"

தண்ணீரை அதிகம் விட்டதும் குற்றம், தண்ணீரே காட்டாததும் குற்றம். அவர் கையை நீட்டி வைப்பரைக் காட்டினார்.

"பூ, பாஸ். பூ உள்ள போகுது."

"பூவா? உனக்கு மாலை ஒண்ணுதான் கொறைச்சல். போமேன் வந்து தொறக்கட்டும். தண்ணின்னு தெரிஞ்சிச்சு, நேரா ஏஜெண்டுகிட்டதான் நீ."

மெக்கானிக்கை நாங்கள் போமேன் என்போம். ஆள் கொண்டுவரும் ஏஜெண்டிடம் திருப்பி விடப்பட்ட யாரையும் நாங்கள் மறுபடி பார்த்ததில்லை. அவருடைய வேலை பெர்மிட் எங்கள் கம்பெனியோடு கட்டியது. இங்கே இல்லை என்றால் எங்கேயும் இல்லை. இது எனக்குத் தெரியும். பூ என்று அவர் சொன்னது காதில் விழுந்ததும் தெரியும். யாருடைய பூ என்றும் தெரியும். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல செருப்பு, பார்க்க நிறைய இருந்தது.

புது மோட்டார் வர இரண்டு வாரம் ஆனது. பாகப் பட்டியலில் அதன் பெயர் ஹீட்டர் விசிறி மோட்டார். கோலாலம்பூர் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள்.

"ஜொகூர்ல ஹீட்டர போட்டுக்கிட்டு என்னக்கா பண்றீங்க? இட்லி வேகுதா?"

ஹீட்டருக்கும் ஏர்கோனுக்கும் ஊதுவது ஒரே விசிறிதான் என்று விளக்கியிருக்கலாம். "ம்" என்றேன். ஹீட்டர்தானே, அவசரமில்லை என்று அவள் ஒதுக்கிவைக்க, அந்த 'ம்' ஒரு வாரத்தை விழுங்கியது. அந்த இரண்டு வாரமும் காலையில் கழுவுகிறவர் என்னைப் பார்த்து வழக்கம்போலத் தலையாட்டினார். அதற்குப் பதில் அவர் திட்டியிருக்கலாம்.

வியாழக்கிழமை போமேன் வந்தார். சாஆ என்ற ஊர்ப் பக்கத்துக்காரர், கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த வாய். மின்சார வேன் என்றதும் ஸ்டோரில் இருந்த எல்லாரும் பத்தடி தள்ளி நின்றார்கள். சூப்பர்வைசர் இருபதடி, ரப்பர் கையுறையோடு.

"என்னா தம்பி, அங்கேருந்து ஆசீர்வாதம் பண்றீங்களா? வந்து டார்ச்ச புடிங்க."

"இல்லண்ணே, ஹை வோல்டேஜு..."

"அது அந்த ஆரஞ்சு வயருலா. நான் அது பக்கமே போகல. இது சின்ன பேட்டரில ஓடுற காத்தாடி. என் ஓட்டக் காருலயும் இதேதான் ஓடுது."

டார்ச்சை நான் பிடித்தேன். சின்ன பேட்டரியின் வயரைக் கழற்றிவிட்டு, இடது பக்க டிராயரை முழுசாகப் பிடுங்கி வெளியே வைத்தார். அதிலிருந்து என் சீப்பு விழுந்தது. அதற்கும் ஒரு சிரிப்பு. பிறகு தலையை உள்ளேயும் காலை வெளியேயும் போட்டு மல்லாக்கப் படுத்தார். ஒரு பிளக், மூன்று திருகாணி. மோட்டார் விசிறியோடு அவர் கையில் இறங்கியது.

"அலமாக்! யாருலா இதுக்குள்ள கல்யாணம் வச்சது?"

விசிறியின் சிறகு இடுக்கெல்லாம் பழுப்பாகக் காய்ந்த இதழ்கள். அதைக் கழற்றியதும் அடியில் அச்சு தெரிந்தது. வெள்ளை நூல் அதில் சுற்றிச் சுற்றி இறுகிக் கிடந்தது. கத்தியால் அறுத்துத்தான் எடுக்க முடிந்தது.

"தண்ணியும் இல்ல, கிண்ணியும் இல்ல. ஒரு பொட்டு துரு இருக்கா பாருங்க. மல்லிப்பூ நூலு. அந்த வைப்பர் கிரில்லு வழியா எறங்கி மோட்டாரு கழுத்த நெறிச்சிருச்சு."

என் கை தானாகக் கொண்டைக்குப் போனது. அன்று பூ இல்லை. ஆனாலும் எல்லாரும் என் கொண்டையைத்தான் பார்த்தார்கள்.

புது மோட்டார் அரை மணியில் ஏறியது. குமிழைத் திருப்பியதும் காற்று சில்லென்று முகத்தில் அடித்தது. தள்ளி நின்றவர்கள் கிட்டே வந்து ஆளுக்கொரு ஓட்டையில் முகத்தை வைத்துப் பார்த்தார்கள். கழுவுகிறவர் விளக்குமாறோடு வந்து, கீழே கொட்டிக் கிடந்த என் சாமி பூவை, சிகரெட் துண்டுகளோடு சேர்த்து முறத்தில் வாரினார். என்னைப் பார்த்துக்கொண்டேதான் வாரினார்.

சூப்பர்வைசர் பாரத்தை, அதாவது பழுதை எழுதும் படிவத்தை, எனக்கு நீட்டினார். பழுதுக்குக் காரணம் என்ற இடத்தில் தண்ணீர் என்று மலாயில் ஏற்கெனவே எழுதியிருந்தது.

"ஒரு சைன் மட்டும் போடுங்கக்கா."

நான் பேனாவை வாங்கிக்கொண்டு நின்றேன்.

"சாமி பூன்னு எல்லாம் எழுத முடியாதுக்கா. கே.எல்.ல சிரிப்பாங்க. அப்புறம் பூவ எதுக்கு வெளிய வச்சீங்கன்னு கேப்பாங்க."

கேட்டால் பதில் அவருடைய விதியில் போய் நிற்கும். டிப்ளோமா வீண் போகவில்லை.

"அவரு?" என்றேன். அன்று முழுவதும் நான் பேசியது அந்த ஒரு சொல்தான்.

"அவனா? போனா வேற ஆளு வருவான். அத வுடுங்க."

பாரத்தை வேனின் முன்மூடியில் வைத்து, தண்ணீர் என்ற சொல்லை அடித்தேன். பேச்சு வராவிட்டாலும் பேனா கையில் இருந்தது. மலாயில் எழுதினேன்: 'பூ. வைத்தது நான். கண்ணாடியில் தொங்கவிடக் கூடாது என்று சொன்னதால் வெளியே வைத்தேன்.' மூன்று வரி. இரண்டு பிழையாவது இருந்திருக்கும். கீழே கையெழுத்தும் போட்டேன்.

"என்னக்கா, கட்டுரையா எழுதுறீங்க?" சூப்பர்வைசர் பாரத்தை இழுக்கப் பார்த்தார். "வேற பாரம் எடுத்துட்டு வரேன்."

அதற்குள் போமேன் அதை வாங்கி, கிரீஸ் விரலோடு கீழே தன் கையெழுத்தையும் போட்டுவிட்டார்.

"என் சைன் இதுலதான் தம்பி. வேற பாரத்துல வேணும்னா, இன்னொரு மோட்டாரு கெட்டதும் கூப்புடுங்க."

மறுநாள் வெள்ளிக்கிழமை. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். கழுவுகிறவர் மூன்று வேன்களையும் கழுவினார், என்னுடையதைக் கடைசியாக. வேனுக்கு வெளியேயும் பூ வைக்கக் கூடாது என்று குரூப்பில் புது விதி வந்தது. முழு முழத்தையும் கொண்டையிலேயே வைத்துக்கொண்டு கோத்தா திங்கிக்குப் போனேன்.