இருநூற்றுப் பதினான்காம் பொம்மை

இது சத்தியமாக நடந்தது. ஏற்கனவே ஒரு பொய்யால் ஒரு மனிதரை அழித்தவள் நான். இன்னொரு பொய் சொல்லி உங்களைப் பயமுறுத்த வேண்டிய தேவை எனக்கில்லை.

கெய்ரோவில் ஒரு அருங்காட்சியகம். பெயர் வேண்டாம். பழம்பொருள்களைச் சுத்தம் செய்து பழுது பார்ப்பது என் வேலை. அங்கே நிலவறைக் கிடங்கில் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் காப்பாளர்தான் பொறுப்பு. ஒன்று குறைந்தாலும் அவர் தலைதான் உருளும். எங்கள் காப்பாளர் ஹாஜி வஸ்ஃபி. ஒரு பொருளை வெளியே எடுத்தால் அந்த இடத்தில் மஞ்சள் சீட்டு வைக்க வேண்டும். அதில் பெயர், தேதி, கையெழுத்து. சீட்டு எழுதாமல் ஒரு பாசிமணியைக்கூடத் தொட விடமாட்டார்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. அவர் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார். ஒரு பெட்டியில் நானூற்றொரு நீலப் பொம்மைகள், ஒவ்வொன்றும் விரல் நீளம். பழைய எகிப்தில் செத்தவனுக்கு வேலைக்காரர்களாகக் கல்லறையில் வைத்தவை. மறு உலகில் அவனை வேலைக்குக் கூப்பிட்டால், அவனுக்குப் பதிலாக இவை "இதோ இருக்கிறேன்" என்று எழுந்து போக வேண்டும். அப்படித்தான் அவற்றின் உடம்பிலேயே எழுதியிருக்கிறது. 214-ஆம் பொம்மையில் உப்புப் பூத்திருந்தது. சுத்தம் செய்ய எடுத்துப் போனேன். சீட்டை அப்புறம் எழுதலாம் என்று நினைத்தேன். அதோடு மறந்தே போனேன்.

சரிபார்க்க வந்த குழு, "நீங்கள் எடுத்தீர்களா?" என்று கேட்டது. இல்லை என்று சத்தியம் செய்தேன். மறு வாரம் என் இழுப்பறையில், பஞ்சுப் பொதிக்குள் அது கிடந்தது. வாயைத் திறந்தால் என் வேலை போய்விடும். நான் திறக்கவில்லை. ஹாஜியாருக்குத் திருடன் என்று பேர் வந்தது. பள்ளிவாசலில் தோளோடு தோள் நின்றவர்கள்கூட விலகி நின்றார்களாம். பிறகு பக்கவாதம் வந்து படுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க எனக்கு முகமில்லை.

போன ரமலான். மறுநாள் குழு வருகிறது, கடைசி விசாரணை. பொம்மையைச் சத்தமில்லாமல் அதன் இடத்தில் வைத்துவிட்டால் அவர் பேரும் மீளும், என் வேலையும் பிழைக்கும். கோழைக்கு வரும் நல்ல எண்ணம் அவ்வளவுதான்.

மாலை 5:31. கிடங்குப் படிக்கட்டில் காவலர் ஃபத்தூஹ் உட்கார்ந்திருந்தார். பட்டம் வாங்கிய எல்லோரும் அவருக்கு டாக்டர்தான்.

"டாக்டரம்மா, நோன்பு தொறக்குற பாங்குக்கு அரை மணிதான் இருக்கு. சூப்பு ஆறிச்சுன்னா என் பொண்டாட்டி என்னையே பானையில போட்டுருவா."

"பத்து நிமிஷம், ஃபத்தூஹ்."

"நீங்க பத்துன்னா எங்க கணக்குல நாப்பது!"

5:38. பெட்டியைத் திறந்தேன். பொம்மை தன் பள்ளத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. பெருமூச்சு விட்டேன்.

பின்னால் நாற்காலி நகர்ந்தது. கிர்ர்ர்ர்...

ஹாஜி வஸ்ஃபி. அதே பழுப்புக் கோட்டு. எழுந்து, தன் பழைய மேசைக்கு நடந்து வந்தார். கால் இழுக்கவில்லை.

"ஹாஜியார்... உடம்பு தேவலையா?"

"தேறிட்டேம்மா."

ஃபத்தூஹ் இரக்கப்பட்டு உள்ளே விட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். மேசையில் ஈரப்பதம் காட்டும் கருவி இருந்தது. பக்கத்தில் நின்று மூச்சு விட்டாலே அதன் முள் ஏறும். அவர் அதன்மேல் குனிந்து நின்றார்.

முள் அசையவில்லை.

மஞ்சள் சீட்டுக் கட்டை என் பக்கம் தள்ளினார்.

"எழுதும்மா."

"அதான் வெச்சுட்டேனே ஹாஜியார்..."

"நான் பொம்மையக் கேக்கல."

வேலை, வீடு, பிள்ளையின் படிப்பு எல்லாம் கண் முன்னால் வந்து நின்றன.

"நாளைக்கு எழுதுறேன்," என்றேன்.

அவர் கோபப்படவில்லை. பெட்டியைப் பார்த்துப் பேர் கூப்பிடுவது போல எண்ண ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு என்று போய்க்கொண்டே இருந்தார். ஒவ்வொரு எண்ணுக்கும் பெட்டிக்குள் டிக்... டிக்...

என் கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டன.

"இருநூத்திப் பதிமூணு..."

டிக்.

"இருநூத்திப் பதினாலு..."

"இதோ இருக்கேன்."

என் குரல்.

என் வாய் மூடியிருந்தது...

6:04. மேலே மஃரிபு பாங்கு. பயத்தில் என்ன செய்கிறேன் என்றே தெரியாமல் பையிலிருந்த பேரீச்சம்பழத்தை அவரிடம் நீட்டினேன்.

"நோன்பு தொறங்க ஹாஜியார்."

"இனி எனக்கு நோன்பு இல்லம்மா."

விளக்கு அணைந்தது.

எப்படிப் படியேறினேன் என்று தெரியாது. ஃபத்தூஹ் கதவைப் பூட்டி ஈய முத்திரை வைத்தார்.

"ஹாஜியார ஏன் உள்ள விட்டீங்க?"

"யாரையும் விடலயே! நான் படியவிட்டு எந்திரிக்கவே இல்ல. பசி மயக்கமா டாக்டரம்மா?"

மறுநாள் காலை 9:10. முத்திரை அப்படியே இருந்தது. குழு பெட்டியைத் திறந்தது. 214 இருந்தது. அதன் அடியில் ஒரு மஞ்சள் சீட்டு. என் பெயர். என் கையெழுத்து. தேதி, மூன்று வருடத்துக்கு முந்தைய அந்த வெள்ளிக்கிழமை.

"இது உங்க கையெழுத்துதானா?" என்று தலைவர் கேட்டார்.

நான் எழுதவே இல்லை. ஆனாலும், "ஆமாம்," என்றேன். அந்த விஷயத்தில் நான் என் தப்பை ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. என் வேலை அங்கேயே போனது. அதற்காக நான் அழவில்லை.

நேராக ஹாஜியார் வீட்டுக்கு ஓடினேன், காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்க. வாசல் நிறைய நாற்காலிகள். உள்ளே குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி ஃபிக்ரியா என்னைப் பார்த்தார்.

"நேத்து மத்தியானம் மூணு பத்துக்குப் போயிட்டாரு," என்றார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒரு நாள் முன்னாடி வந்திருக்கக் கூடாதா? திருடன்ங்கற பேரோடயே கண்ண மூடுனாரே..."

அப்புறம் குரலைத் தாழ்த்தினார்.

"மூணு மாசமா அந்த வலது கை அசையவே இல்ல. ராத்திரி குளிப்பாட்டுனப்ப விரல் பூரா கறை. கழுவக் கழுவப் போகலயாம். அதோடயேதான் அடக்கம் பண்ணுனோம்."

"என்ன கறை?"

"எழுதுற மை."