லைன் வீடுகளுக்கெல்லாம் ஒரே நம்பர்

சர்வர் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு இப்போதெல்லாம் கோபம்தான் வருகிறது. ஏதோ ஓர் ஊரில், குளிரூட்டிய அறையில், ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும் பெரிய கம்ப்யூட்டர். நாம் இங்கிருந்து கேட்பதை அது அங்கிருந்து எடுத்துத் தருகிறது. 'சர்வர் டவுன்' என்றால் அது படுத்துவிட்டது, அல்லது ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் கேட்டுத் திணறுகிறது. இவ்வளவுதான் விஷயம். இதைக் கீழ் கோத்தகிரியில் எங்கள் எஸ்டேட் தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் இருக்கும் அத்தனை பேருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கேட்காதவர்களையும் விடவில்லை.

நான் தேயிலை ஃபேக்டரி ஆபீஸில் கிளார்க். அன்னூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க மலையேறிய குடும்பம். ஆபீஸுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது அதன் பக்கத்து நாற்காலி என்னுடையதாக இருந்தது. என் படிப்பு அவ்வளவுதான். ஆனாலும் சாயங்காலம் இலை எடை போட வரிசையில் நிற்கும் பெண்களுக்கு ஜன்னல் வழியாக வகுப்பெடுப்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

"ஏனுங்க, இந்த யூசர் ஐடிங்கறது என்னங்க?" என்று ஒருத்தி கேட்பாள்.

"கூலிப் பதிவேட்டுல உன்ர பேருக்கு நேரா இருக்கற செக்ரோல் நம்பர் மாதிரி. நீ யாருன்னு சொல்றது. பாஸ்வேர்டு, அது நீதான்னு நிரூபிக்கறது. மொதல்ல சொன்னத ஊருக்கே சொல்லு. ரெண்டாவத உன்ர ஊட்டுக்காரங்கிட்டக் கூடச் சொல்லாத."

வரிசை முழுக்கச் சிரிக்கும். நானும் ஏதோ பெரிய வாத்தியார்போல மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்வேன்.

அந்தக் காலத்தில் எங்கள் சரிவில் சிக்னல் கிடைத்த ஒரே இடம் அந்த ஜன்னல். அங்கே சிக்னல் எடுத்த ஒரே போன் என்னுடையது. அதனால் எந்தப் படிவத்தில் 'மொபைல் எண்' என்று கட்டம் வந்தாலும் லைனில் எல்லோரும் என் நம்பரை எழுதினார்கள். கேஸ் சிலிண்டருக்கு அதுதான், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு அதுதான், ஆதார் அட்டைக்கும் அதுதான். யாருக்கு மெசேஜ் வந்தாலும் ஜன்னலில் நின்று கத்திச் சொல்வேன். இருபத்திரண்டு வீடுகளுக்கு ஒரே நம்பர். அது தப்பு என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. குழாயடி ஒன்று, தபால் பெட்டி ஒன்று, நம்பரும் ஒன்று என்றே இருந்தோம்.

பிறகு எதிர்மலையில் வேறொரு கம்பெனியின் டவர் வந்தது. எல்லோரும் ஆளுக்கொரு போன் வாங்கினார்கள், புது சிம் போட்டார்கள். நானும் போட்டேன். பழைய சிம்மை மேசை டிராயரில் போட்டு மறந்தேன். ரீசார்ஜ் செய்யாத நம்பரைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும், சில மாதம் கழித்து வேறு யாருக்காவது கொடுத்துவிடும். சிம் கார்டு என்றால் என்ன என்று வகுப்பெடுத்தபோது இதையும் நான் சொல்லியிருக்கிறேன். வாயால் சொன்னது மண்டைக்குள் போகவில்லை.

ஓடிபி பற்றித்தான் நான் மிகவும் கண்டிப்பாக இருந்தேன். ஒரே ஒரு முறை மட்டும் செல்லுபடியாகும் கடவு எண் அது. பெரும்பாலும் ஆறு இலக்கம். நம் கையில் இருக்கும் போனுக்கு வரும், சில நிமிடங்களில் செத்துவிடும். அந்த எண்ணைப் போடுபவன் கையில் போன் இருக்கிறது, ஆகவே அவன் உரியவன்தான் என்று சர்வர் நம்பிக்கொள்ளும். எங்கள் லைனில் ஒரு பெண் பேங்க்கிலிருந்து பேசுவதாகச் சொன்ன எவனுக்கோ அந்த எண்ணைச் சொல்லி, இருந்ததையெல்லாம் பறிகொடுத்தாள். அதற்குப் பிறகு இலை எடை போடுமுன் ஒவ்வொருத்தியிடமும் கேட்பேன்: "ஓடிபி கேட்டா?" "சொல்ல மாட்டனுங்க!" "அழுது கேட்டா?" "அப்பவும் சொல்ல மாட்டனுங்க!"

போன வருடம் மழைக்காலத்தில் நடந்ததைச் சொல்லத்தான் இத்தனையும்.

லைனில் கடைசி வீட்டுப் பெண் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். அப்பா இல்லை. அம்மா கொழுந்து எடுக்கிறவள். நர்சிங் படிப்புக்கு ஆபீஸ் கம்ப்யூட்டரில்தான் விண்ணப்பம் போட்டோம். பிடிஎஃப் என்றால் எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் எழுத்து இடம் மாறாமல், தாளில் இருப்பது போலவே நிற்கும் கோப்பு என்றும், அதை நம்மிடமிருந்து சர்வருக்கு ஏற்றுவது அப்லோட், அங்கிருந்து இறக்கிக்கொள்வது டவுன்லோட் என்றும் அவளுக்கு ஒருமுறைதான் சொன்னேன். மார்க்‌ஷீட்டை அவளே ஏற்றினாள், என்னைவிட வேகமாக. சீட் கிடைக்காவிட்டால் மலைக்குக் கீழே ஒரு நூல் மில்லில் வேலைக்கு அனுப்புவதாக அம்மா மில் ஆளிடம் வாக்குக் கொடுத்திருந்தாள். மில் வேன் திங்கட்கிழமை வரும். பையும் வாங்கி வைத்தாயிற்று.

அந்த வாரம் மழையும் காற்றும் சேர்ந்து மரங்களைச் சாய்த்து, மின்கம்பி அறுந்து, மூன்று நாள் கரண்ட் இல்லை. டவரும் செத்துக் கிடந்தது. வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது. பத்தே நிமிடத்தில் அந்தப் பெண் நனைந்துகொண்டே ஓடிவந்தாள். கொழுந்து எடுக்கப் போன அம்மா வீட்டில் விட்டிருந்த போனில், விண்ணப்பத்தில் கொடுத்த நம்பருக்கு, ஒரு மெசேஜ், அதில் ஒரு லிங்க். லிங்க் என்றால் தொட்டால் நேராகக் குறிப்பிட்ட பக்கத்துக்குக் கொண்டுபோய் விடுகிற முகவரி. தொட்டோம். அரசுக் கல்லூரியில் அவளுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். 'ஏற்கிறேன்' என்று அன்று மாலை ஐந்து மணிக்குள் பதிய வேண்டும். தவறினால் இடம் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். இதுவே கடைசிச் சுற்று.

"சார், கெடைச்சிருச்சுங்க!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். நானும் கிட்டத்தட்டக் குதித்தேன்.

இணையம் நகரவில்லை. திரை நடுவில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒருவழியாகப் பக்கம் திறந்து யூசர் ஐடி, பாஸ்வேர்டு போட்டால் அடுத்து கேப்ட்சா. எதிரே இருப்பது மனிதன்தானா என்று கம்ப்யூட்டர் வைக்கிற சின்னப் பரீட்சை. டிராஃபிக் சிக்னல் உள்ள படங்களையெல்லாம் தொடு என்றது. எங்கள் லைனில் எத்தனை பேர் டிராஃபிக் சிக்னல் பார்த்திருக்கிறார்கள்? இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை தேறினோம். மணி மூன்றே முக்கால்.

'ஏற்கிறேன்' பொத்தானை அவளே அழுத்தட்டும் என்று விட்டேன். அழுத்தினாள். திரையில் புதிதாக ஒரு கட்டம் வந்தது. ஆதாரில் பதிவான மொபைல் எண்ணுக்கு ஓடிபி அனுப்பியிருப்பதாகச் சொன்னது. எண்ணின் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிந்தது.

என் பழைய நம்பர்.

டிராயரைக் கவிழ்த்து அந்த சிம்மைத் தேடி எடுத்துப் போனில் போட்டேன். அது செத்து வருஷமாயிற்று என்று தெரிந்தும் போட்டேன். ஆதாரில் நம்பரை மாற்றக் கோத்தகிரி போய்க் கைரேகை வைக்க வேண்டும், மாறுவதற்கு நாளாகும். உதவி எண்ணில் பாட்டுதான் கேட்டது. கடைசியில் என் புது போனிலிருந்து என் பழைய நம்பரையே கூப்பிட்டேன். மணி அடித்தது. ஒரு பெண் எடுத்தார். வடக்கே, சென்னைப் பக்கத்துப் பேச்சு.

"அம்மா, தப்பா நெனைச்சுக்காதீங்க. உங்க போனுக்கு இப்ப ஒரு ஆறு நம்பர் வந்திருக்குமுங்க. அதைக் கொஞ்சம் சொல்ல முடியுங்களா?"

சொல்லி முடிக்கும்போதே என் காதில் விழுந்தது. இதே வாக்கியத்தைத்தான் திருடன் பேசுவதாக நான் நடித்துக் காட்டுவேன்.

"ஏன்யா, ஏமாத்த வேற ஆள் கெடைக்கலயா?" என்று வைத்துவிட்டார்.

மறுபடி கூப்பிட்டேன். கல்லூரி சீட் என்றேன், ஏழைப் பெண் என்றேன், அஞ்சு மணி வரைதான் நேரம் என்றேன். அவசரப்படுத்துபவன்தான் திருடன் என்பதும் என் பாடத்தில் உண்டு. "போலீஸ்ல சொல்லிடுவேன்" என்றார். பிறகு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். பிளாக் என்றால் இனி நாம் எத்தனை முறை அழைத்தாலும் அவர்களுக்கு மணி அடிக்காது.

தன் அம்மாவின் போனிலிருந்து அந்தப் பெண்ணே பெயரைச் சொல்லிப் பேசினாள். "அக்கா, எனக்குத்தானுங்க சீட்டு. நெசமாலுமுங்க." குரல் உடைந்துவிட்டது.

"ஒரு பொண்ண வேற அழ வைக்கிறீங்களா? வெக்கமா இல்ல?"

நான் போனைப் பிடுங்கினேன். ஆதாரம் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன், அங்கேதான் எல்லாவற்றையும் கெடுத்தேன். "அம்மா, அது என்ர பழைய நம்பருங்க. உங்களுக்குக் கேஸ் சிலிண்டர் மெசேஜ் வருமுங்க, யார் யாரோ பேருல. ஸ்கூல் மெசேஜ் வருமுங்க. நான் சொல்றது சரிதானுங்களே?"

இனி நம்பிவிடுவார் என்று நினைத்தேன்.

"என் போனுக்குள்ள என்ன வருதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?" குரல் நடுங்கியது. "ஹேக் பண்ணிட்டியா?"

அடுத்த நொடி போன் ஸ்விட்ச் ஆஃப். மணி நாலு இருபத்தைந்து.

அந்த அம்மாவை நான் எப்படித் திட்டுவேன்? என் வகுப்பில் படித்திருந்தால் அவருக்குத்தான் முதல் மார்க் போட்டிருப்பேன். ஆனாலும் திட்டினேன். ஆபீஸே அதிரக் கத்தினேன். என்னை, அந்த அம்மாவை, மழையை, கம்ப்யூட்டரை. அந்தப் பெண் மட்டும் கத்தவில்லை. போன் திரும்ப உயிர் பெற்றிருக்குமோ என்று நிமிடத்துக்கு ஒரு தடவை அந்த நம்பரைப் போட்டுக்கொண்டே இருந்தாள். நடுநடுவே 'ஓடிபியை மீண்டும் அனுப்பு' என்பதையும் அழுத்தினாள்.

ஐந்து மணிக்குப் பக்கம் மாறியது. கால அவகாசம் முடிந்துவிட்டது என்று சிவப்பில் ஒரு வரி. நான் ரெஃப்ரெஷ் அழுத்தினேன். ரெஃப்ரெஷ் என்றால் அதே பக்கத்தை சர்வரிடம் புதிதாக ஒருமுறை கேட்பது. அதே வரிதான் வந்தது. மறுபடி அழுத்தினேன். எத்தனை முறை என்று நினைவில்லை. அவள் என் கையை மவுஸிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டாள்.

"போதுங்க சார்."

நான் அழுதேன். ஐம்பத்தேழு வயதில், ஒரு சின்னப் பெண் முன்னால், மேசையில் தலைவைத்து அழுதேன். வெளியே எடை வரிசை சேரத் தொடங்கியிருந்தது.

ஐந்தே முக்காலுக்கு அவள் கையிலிருந்த அம்மாவின் போன் அடித்தது. என் பழைய நம்பர். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"மன்னிச்சிக்கம்மா," என்றார் அந்த அம்மா. "போனை ஆன் பண்ணிட்டுப் பழைய மெசேஜெல்லாம் பாத்தேன். நீ லீவு போட்டது, உன் பரீட்ச தேதி, உன் மார்க்கு, எல்லாம் எனக்குத்தான் வந்துட்டிருக்கு. யாரோ ஒரு பொண்ணு நல்லாப் படிக்குதுன்னு நெனச்சிக்குவேன். ஸ்கூல் மெசேஜ்லயெல்லாம் நீ சொன்ன அதே பேருதான் இருக்கு. இதுல போய் சந்தேகப்பட்டுட்டேனே. இந்தா, கடைசியா வந்த நம்பர். எழுதிக்கோ."

நிறுத்தி நிறுத்தி ஆறு இலக்கத்தையும் சொன்னார். சரியாகக் கேட்டதா என்று இன்னொரு முறையும் சொன்னார். பழக்கதோஷத்தில் நான் அதை இலை எடை எழுதும் சீட்டின் பின்பக்கம் எழுதினேன்.

"ஆச்சாம்மா? சீட் கெடச்சிடுச்சா?"

அவள் போனை அருகில் எடுத்துக்கொண்டாள்.

"கெடைச்சிருச்சுங்கக்கா. ரொம்ப தேங்க்ஸுங்க."

"நல்லாப் படி கண்ணு," என்று சொல்லிவிட்டு அவர் வைத்தார். அவ்வளவு நிம்மதி அந்தக் குரலில்.

ஜன்னலுக்கு வெளியே அவள் அம்மா இலை மூட்டையோடு வரிசையில் நான்காவதாக நின்றாள். உள்ளே எட்டிப் பார்த்து, என்ன ஆயிற்று என்று கண்ணாலேயே கேட்டாள். பெண் குடையை எடுத்தாள்.

"அம்மாகிட்ட சீட்டு வரலீன்னு சொல்லிக்கறனுங்க சார்," என்றாள். "நம்பர் விசயமெல்லாம் சொல்ல மாட்டனுங்க. பாவம், உங்களத்தான் எல்லாத்துக்கும் நம்பீட்டு இருக்கறாங்க."

நான் தலையாட்டினேன். திங்கட்கிழமை மில் வேன் வந்தது. அவள் அம்மா இன்றைக்கும் இலை எடை போட வரும்போது, தன் மகளுக்காக நான் அன்று அவ்வளவு பாடுபட்டதற்கு நன்றி சொல்கிறாள்.