ஐயர் கொளுத்த மறுத்த அடுப்பு

1988ஆம் ஆண்டின் குளிர்காலம். ரொறன்ரோவில் பாதர்ஸ்ட் தெருவில் இருந்த யூத முதியோர் இல்லம் ஒன்றின் குசினியில் நான் சமையல் உதவியாளராக வேலை செய்துகொண்டிருந்தேன். இலங்கையில் எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு உயிர் பிழைத்தால் போதும் என்று வந்தவர்கள் நாங்கள். கணவருக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை, எனக்கு இங்கே பகல் வேலை. ஒருவர் முகத்தை மற்றவர் சரியாகப் பார்ப்பதே ஞாயிற்றுக்கிழமைதான்.

யூதர்களின் குசினிச் சட்டம் பெரிய தலையிடி என்று வேலைக்குப் போகுமுன் பலரும் என்னைப் பயமுறுத்தியிருந்தார்கள். இறைச்சிக்கு ஒரு பாத்திரம், பாலுக்கு வேறு பாத்திரம், கரண்டியும் வேறு, கழுவும் தொட்டியும் வேறு. எனக்கோ அது அரை நாளில் பிடிபட்டுவிட்டது. எங்கள் வீட்டிலும் சைவச் சட்டி வேறு, மச்சச் சட்டி வேறு. வெள்ளிக்கிழமையில் மீன் கரண்டியைச் சாம்பாருக்குள் விட்டால் அம்மா வீட்டை இரண்டாக்கிவிடுவா. அதனால், அட, இவர்களும் நம்மைப் போலத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்று மட்டும் தெரியாமல் போய்விட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் காலை, உதவி செய்கிறேன் பேர்வழி என்று, நெருப்புப்பெட்டியை எடுத்து அடுப்பைப் பற்றவைத்துவிட்டேன். சமையல்காரர் பாய்ந்து வந்து அணைத்தார். சமைப்பது யாராகவும் இருக்கலாம், ஆனால் நெருப்பை ஒரு யூதர்தான் மூட்ட வேண்டுமாம். அதற்கென்றே அங்கே ஒருவர் இருந்தார். கறுப்புத் தொப்பி, வெள்ளைத் தாடி, எழுபதை நெருங்கும் வயது. முட்டையை உடைத்து இரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பது, கீரையில் பூச்சி தேடுவது, அடுப்பு மூட்டுவது, இவைதான் அவருடைய வேலை. வீட்டில் அவரைப் பற்றிச் சொல்லும்போது கணவர் 'உங்கட ஐயர்' என்றே சொல்வார். எனக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அன்று ஐயர் என்மேல் கோபப்படவில்லை. வந்தார், கொளுத்தினார், போனார். ஆனால் எனக்கு மனதுக்குள் சுருக்கென்றது. யார் கை பட்டால் ஆகும், யார் கை பட்டால் ஆகாது என்ற கணக்கெல்லாம் எங்கள் ஊரில் பார்த்து வெறுத்தவை. கோயிலுக்குள் விடாமலும் சிரட்டையில் தண்ணீர் ஊற்றியும் எத்தனை பேரை நோகடித்திருக்கிறோம். வீட்டுக்கு வந்து சொன்னபோது கணவர், "கடல் தாண்டி வந்தும் உதே கதைதானோ?" என்று சிரித்தார். ஐயரையும் அந்தக் கணக்குப் பார்க்கும் ஆட்களில் ஒருவராக நான் முடிவு கட்டிவிட்டேன்.

இனிச் சமையல்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஒரு பலஸ்தீனர், முஸ்லிம். அவருடைய தகப்பன் இஸ்ரேல் உருவான 1948இல் கடற்கரைப் பட்டினம் ஒன்றில் வீட்டைப் பூட்டிவிட்டு லெபனானுக்கு ஓடியவராம். இவர் அங்கே அகதி முகாமில் பிறந்தவர். தகப்பன் செத்துப்போனார். தாய் இன்னும் அந்த முகாமில்தான் இருந்தா, சண்டைக்கு நடுவில். தாயை ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிடுவதற்கு இந்த மனிதர் ஓடிய ஓட்டம் கொஞ்சமல்ல. நிரந்தர வேலை இருந்தால்தான் அலுவல் நடக்கும். வேலை போனால் எல்லாம் போச்சு. இது குசினியில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

ஐயர் ஜெருசலேமில் பிறந்து வளர்ந்தவர். அவருக்கு அரபு தண்ணிபட்டபாடு. தொப்பி போட்ட அந்தக் கிழவரும் இந்தப் பலஸ்தீனரும் காலையில் அரபியில் பேசிச் சிரிப்பதைப் பார்த்தால் சித்தப்பனும் பெறாமகனும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அதற்கு முந்தைய வருட நோன்பு மாதத்தில் ஒரு பகிடி நடந்தது. மாட்டிறைச்சிக் குழம்புக்கு உப்புப் பார்க்க ஆள் இல்லை. சமையல்காரருக்கு நோன்பு. நான் மாடு தொடமாட்டேன். ஐயர்தான் கரண்டியில் எடுத்து ஊதி ஊதிக் குடித்துவிட்டு, ஒரு பானையைச் சுற்றி மூன்று கடவுள் நின்றால் ஒரு வயிறாவது கடவுளுக்குப் பயப்படாமல் இருக்க வேண்டும் என்றார். நான் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கரட் கீழே விழுந்தது.

ஆனால் அவர்கள் சண்டையும் பிடிப்பார்கள். ஒரு நாள் இரண்டு பேரின் குரலும் உயர்ந்தது. எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. பிறகு இரண்டு நாளுக்கு ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. காணிச் சண்டை என்று மட்டும் சமையல்காரர் என்னிடம் சொன்னார். காணிச் சண்டை யாழ்ப்பாணத்தாருக்குப் புதிதா? நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் பலஸ்தீனத்தில் இஸ்ரேல் ஆட்சிக்கு எதிராகக் கலவரம் தொடங்கியிருந்தது. இல்லத்தின் மண்டபத்தில் இருந்த தொலைக்காட்சியில் ஒவ்வொரு நாளும் கல்லெறியும் பொடியன்களையும் துவக்கோடு நிற்கும் இராணுவத்தையும் காட்டினார்கள். தள்ளுவண்டியில் சாப்பாடு கொண்டுபோகும்போது எனக்கு ஊர் ஞாபகம் வரும். சமையல்காரர் மண்டபத்துப் பக்கமே போகமாட்டார்.

இல்லத்தில் இருந்த ஒரு அம்மாவின் மகன் அடிக்கடி வருவார். பெரிய வியாபாரி. மதம் என்று பார்த்தால் அவருக்கு ஒன்றும் கிடையாது. ஒரு முறை பன்றி இறைச்சி வைத்த பாண் துண்டுகளைச் சூடாக்கித் தரச்சொல்லிக் குசினிக் கதவடியில் நின்றவர். ஐயர் அவரைக் கும்பிடாத குறையாக வெளியே அனுப்பிவைத்தார். அந்த மனிதர்தான் இப்போது நிர்வாகியிடம் போய், இந்த நேரத்தில் ஒரு பலஸ்தீனர் சமைப்பதைத் தன் தாய் சாப்பிட முடியாது, எதைக் கலப்பார் என்று யாருக்குத் தெரியும் என்று சொல்லியிருக்கிறார். அவரையும் முழுக்கக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருடைய மகன் அங்கே இராணுவத்தில் இருந்தானாம். பயந்த மனிதன் என்னவும் பேசுவான். இன்னும் சிலரும் அவரோடு சேர்ந்துகொண்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை நிர்வாகி குசினிக்கு வந்தா. நல்ல மனுசி, ஆனால் யாரையும் எதிர்த்துப் பேசத் தெரியாதவ. சமையல்காரரைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய், நிலைமை சரியாகும்வரை கொஞ்ச நாள் வீட்டில் நில்லுங்கள் என்றா. கொஞ்ச நாள் என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் ஏப்ரனைக் கழற்றி மடித்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு எனக்கு அவருடைய தாய்தான் கண்ணுக்குள் நின்றா, முன்பின் பார்த்திராத மனுசி. வாய் திறந்து ஏதாவது சொல்லியிருக்கலாம். எங்களுடைய அகதி வழக்கே முடியாமல் இருந்த நேரம், பயத்தில் குனிந்து உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை என்பது அந்தக் குசினியில் சாதாரண நாள் இல்லை. பொழுதுபட்டால் அவர்களுடைய ஓய்வுநாள் தொடங்கிவிடும். பிறகு நெருப்பு மூட்டக்கூடாது, சமைக்கக்கூடாது. அன்றிரவுச் சாப்பாடும் மறுநாள் சாப்பாடும் அதற்கு முன்னரே சமைத்தாக வேண்டும். குளிர்காலத்தில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். நிர்வாகி என்னையும் மற்ற உதவியாளரையும் சமைக்கச் சொல்லிவிட்டுப் போனா.

கீரை பார்த்து முடித்துவிட்டு ஐயர் அடுப்படிக்கு வந்தார். நெருப்புப்பெட்டியைக் கையில் எடுத்தவர் மேசையில் மடித்துக் கிடந்த ஏப்ரனைப் பார்த்தார். ஆள் எங்கே என்று கேட்டார். நான் நடந்ததைச் சொன்னேன். நெருப்புப்பெட்டியைத் திரும்பவும் கோட்டுப் பைக்குள் போட்டார். ஒரு கதிரையை இழுத்து அடுப்புக்கு முன்னால் போட்டு இருந்துவிட்டார்.

முதலில் எனக்கு விளங்கவில்லை. களைப்பாக இருக்கிறாராக்கும் என்று நினைத்தேன். தண்ணீருக்குள் உருளைக்கிழங்கு கிடக்கிறது, கோழி வெட்டி வைத்தபடி இருக்கிறது, இவர் சாளரத்துக்கு வெளியே பனியைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். மற்ற உதவியாளர் போய்ச் சொல்ல, நிர்வாகி ஓடிவந்தா. தாயைப் பார்க்க வந்திருந்த அந்த வியாபாரியும் பின்னால் வந்தார். வயதான மனிதர்கள் பட்டினி கிடக்கப்போகிறார்கள் என்று நிர்வாகி கெஞ்சினா. நீர் யாருடைய பக்கம் என்று வியாபாரி கத்தினார். ஐயரின் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஏறக்குறைய ஒரே தரம் என்பதால் அவர் சொன்னது எனக்கு நன்றாகவே விளங்கியது. அதை எங்கள் தமிழில் சொல்கிறேன்.

"நெருப்பை ஆர் மூட்ட வேணும் எண்டு எங்கட சட்டத்தில இருக்கு. ஆர் சட்டியைக் கிண்டக்கூடாது எண்டு சட்டத்தில இல்லை. அஞ்சு வருசமா அந்த மனுசன் இந்தச் சட்டிகளைச் சுத்தமா வைச்சிருக்கிறார், நான் பார்த்துக்கொண்டு இருந்தனான். இல்லாத சட்டத்தைப் புதுசா எழுதுறவை நெருப்பு மூட்டவும் வேற ஆளைப் பிடிக்கட்டும்."

குரல் உயரவே இல்லை. வேற ஆளை எங்கே பிடிப்பது? வெள்ளிக்கிழமையில் நகரத்தில் இருக்கும் ஐயரைப் போன்ற எல்லா மனிதர்களும் தங்கள் தங்கள் அடுப்புக்குப் பக்கத்தில்தான் நிற்பார்கள். வியாபாரியே ஒரு யூதர், வேண்டுமானால் அவர் கொளுத்தியிருக்கலாம். ஆனால் ஐயர் பொறுப்பெடுக்காத சாப்பாட்டை அங்கே ஒருவரும் தொடமாட்டார்கள், அவருடைய தாய் உட்பட. அது அவருக்கும் தெரியும். நிர்வாகி மணிக்கூட்டைப் பார்த்தா, வியாபாரியைப் பார்த்தா, பிறகு என்னைப் பார்த்து, ஓடிப்போய்ச் சமையல்காரரைக் கூட்டிக்கொண்டு வா என்றா. வேலை பழையபடி இருக்கும் என்று சொல்லு, நான் சொன்னேன் என்று சொல்லு என்றா. அந்த மனுசி நிமிர்ந்து பேசியதை நான் அன்றுதான் பார்த்தேன்.

கோட்டும் போடாமல் ஓடினேன். பஸ் தரிப்பில் அவர் தனியாக நின்றார். பனியில் பஸ் சுணங்கியது எங்கள் நல்ல காலம். நிர்வாகி சொன்னதைச் சொன்னேன். அவர் வரவில்லை என்றார். போ என்றால் போகவும் வா என்றால் வரவும் தான் என்ன நாயா என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.  குளிரில் பல்லடிக்க, "ஐயா, அடுப்பு இன்னும் எரியேல்லை. நீங்கள் வராமல் கிழவர் கொளுத்தமாட்டாராம்" என்றேன். அவசரத்தில் தமிழில் சொல்லி, பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன்.  அவர் தன் கோட்டைக் கழற்றி என்மேல் போட்டுவிட்டு எனக்கு முன்னால் விறுவிறென்று நடந்தார்.

அவர் ஏப்ரனைக் கட்டினார். ஐயர் எழுந்து அடுப்பை மூட்டினார். ஒருவருக்கொருவர் நன்றி சொல்லவில்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை. எல்லோரும் பேய் பிடித்தவர்கள் மாதிரி வேலை செய்தோம். வெளியே இருள் இறங்குமுன் கடைசிப் பானையும் வெந்துவிட்டது.

வேலை முடிந்து பின்கதவடியில் சமையல்காரர் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கோ ஐயரை நினைத்து மனம் நிறைந்துபோயிருந்தது, எப்பேர்ப்பட்ட மனிதர் என்றேன். அவரும் தலையாட்டினார். பிறகு சொன்னார்: "ஓம், நல்ல மனுசன். ஆனால் என்ர அப்பாவின்ர வீட்டைக் கடவுள் யூதருக்குத் தந்தது எண்டுதான் இண்டைக்கும் நம்புறார். அண்டைக்குச் சண்டை பிடிச்சது உதுக்குத்தான்."

 நம்ப முடியாமல் அடுத்த கிழமை ஐயரிடமே கேட்டுவிட்டேன். அவர் மழுப்புவார் என்று எதிர்பார்த்தேன்.

"ஓம், நம்புறன்" என்றார். "காணி எங்களுக்கு எண்டு சொன்ன அதே வேதம்தான் உன்னட்ட வேலை செய்யிறவனுக்கு அநியாயம் செய்யாதே எண்டும் சொல்லுது. அவற்ற வீட்டை நினைச்சால் எனக்கு நித்திரை வராது, பிள்ளை. அதுக்காக நம்பாமல் இருக்கவும் என்னால ஏலாது."

 வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் வழக்கம்போலப் பகிடி விடவில்லை. "எங்கட ஊரிலயும் இப்பிடி ஒருத்தர் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்திருந்தால்..." என்று தொடங்கி, முடிக்காமலே வேலைக்கு வெளிக்கிட்டுப் போனார்.

சமையல்காரரின் தாய் அடுத்த வருடம் வந்து சேர்ந்தா. ஐயர் இப்போது உயிரோடு இல்லை. ரொறன்ரோவுக்கு வெளியே அஜக்ஸில் இருந்து வேலைக்குப் போகும் ரயிலில் பக்கத்தில் இருப்பவர்கள் பேப்பரை மடித்துவிட்டு, இதெல்லாம் மதத்தால் வருகிற சண்டைதானே என்று சொல்வதை அடிக்கடி கேட்கிறேன். முன்பென்றால் நானும் ஓம் என்றிருப்பேன். இப்போது எனக்கு ஓம் என்றும் சொல்ல வரவில்லை, இல்லை என்றும் சொல்ல வரவில்லை. தகப்பனின் வீட்டைத் திருப்பிக் கொடுக்க விடாத அதே நம்பிக்கைதான் மகனின் பிழைப்பைப் பறிக்கவும் விடாமல் ஒரு கிழவரை அந்தக் கதிரையில் இருத்தியது என்பதை என் கண்ணால் பார்த்துவிட்டேன், அதனால் யாராவது பக்திமானைக் கண்டவுடன் இவர் இப்படித்தான் என்று முடிவு கட்ட இன்றுவரை என்னால் முடிவதில்லை.